செயலாக்க ஆழமும் இருவகை நினைவும்: தமிழ்ச் சொற்களை வைத்து ஆய்வகச் சோதனை நடத்துவது எப்படி

ஒரு சொல்லின் பொருளை யோசித்துப் பார்த்தவருக்கு அது பின்னால் நினைவுக்கு வரும். எழுத்து வடிவத்தை மட்டும் கவனித்தவருக்கு அவ்வளவாக வராது. செயலாக்க ஆழம் என்று கிரெய்க்கும் லாக்ஹார்ட்டும் 1972-இல் சொன்னதன் சாரம் இதுதான். உளவியல் மாணவர்கள் ஆய்வகத்தில் அடிக்கடி செய்து பார்ப்பதும் இதைத்தான்.

கேட்கும் விதத்தை மாற்றினால் கதை மாறுகிறது. "முன்பு பார்த்ததை நினைவுபடுத்துங்கள்" என்று கேட்டால் அது எக்ஸ்ப்ளிசிட் மெமரி, அதாவது வெளிப்படை நினைவு. அங்கே ஆழத்தின் விளைவு பெரிது. "மனதில் முதலில் வருவதை எழுதுங்கள்" என்று மட்டும் கேட்டால் அளக்கப்படுவது இம்ப்ளிசிட் மெமரி, மறைமுக நினைவு. அங்கே அதே விளைவு வெகுவாகச் சுருங்குகிறது, சில நேரம் காணாமலே போகிறது. இதைக் கிராஃபும் மேண்ட்லரும் 1984-இல் ஒரே துப்புகளை, அதாவது சொல்லை வரவழைக்கத் தரும் அதே குறிப்புகளை, வைத்துக் காட்டினார்கள்.

எம்.எஸ்சி. ப்ராஜெக்ட் அளவில், தமிழ்ச் சொற்களைக் கொண்டு, இந்தச் சோதனையைச் செய்யும் முறையைக் கீழே வரிசையாகத் தந்திருக்கிறேன். புதிதாக வருபவர்கள் பெரும்பாலும் சொற்பட்டியலில் தொடங்கி, பங்கேற்பாளருக்குச் சொற்களைக் காட்டும் கட்டத்தைத் தயார்செய்து, தேர்வைக் கடைசியில் அவசரமாக ஒட்டவைக்கிறார்கள். அப்படிச் செய்தால் பாதி வழியில் பட்டியலையே தூக்கிப்போட வேண்டி வரும். தேர்விலிருந்து பின்னோக்கி வாருங்கள்.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

தமிழில் சரளமாகப் படிக்கத் தெரிந்த 72 பேர் வேண்டும், ஒவ்வொரு தேர்வுக்கும் 36. நடுத்தர அளவு விளைவை, அதாவது விளைவு எவ்வளவு பெரிது என்று சொல்லும் கோஹென் அளவையில் 0.5-ஐ, ஒரே ஆளுக்குள் ஒப்பிட்டு 80 சதவீத வாய்ப்போடு பிடிக்க 34 பேர் தேவை. பட்டியலை மூன்று வடிவங்களில் சுழற்றப் போவதால் மூன்றால் வகுபடும் எண்ணாக 36 என்று வைக்கிறோம்.

இந்த 72 பேரில் சேராத இருபது பேராவது முன்சோதனைக்கு வேண்டும். இவர்களை மறந்துவிட்டுத் திட்டம் போடுகிறவர்கள் அதிகம்.

துறையின் நெறிமுறைக் குழு அனுமதியைப் பட்டியல் வேலை தொடங்கும்போதே கேட்டு வையுங்கள். இந்தச் சோதனையில் நினைவுத்தேர்வு வரப்போவதை முதலில் மறைக்கிறோம். அதனால் முடிந்ததும் உண்மையை விளக்கிச் சொல்லும் தாளும் விண்ணப்பத்தோடு போக வேண்டும்.

ஒப்புதல் படிவத்தின் தலைப்பில் "நினைவு" என்ற சொல் வரக்கூடாது. "சொற்களை மதிப்பிடும் ஆய்வு" என்றால் போதும், அது பொய்யும் இல்லை. படிவத்தில் இவ்வளவு கவனமாக இருந்துவிட்டு, ஆள் சேர்க்கும் வாட்ஸ்அப் செய்தியில் "மெமரி எக்ஸ்பெரிமென்ட்டுக்கு வாங்க" என்று போட்டுவிடுகிறார்கள். அந்த ஒரு வரி போதும், வருகிறவர் ஒவ்வொரு சொல்லையும் மனப்பாடம் செய்ய ஆரம்பித்துவிடுவார். அப்புறம் மேலோட்டமான செயலாக்கம் என்ற ஒன்றே இருக்காது.

2. முதலில் தேர்வை முடிவு செய்யுங்கள்

இரண்டு தேர்வுக்கும் ஒரே தாள். தாளில் சொல்லின் முதல் இரண்டு எழுத்து இருக்கும், மீதி கோடு. உதாரணம்: பட்______

மறைமுகத் தேர்வில் பங்கேற்பாளர் மனதில் முதலில் தோன்றும் சொல்லால் நிரப்புவார். வெளிப்படைத் தேர்வில் சற்றுமுன் பார்த்த சொல்லை நினைவுபடுத்தி நிரப்புவார். தாள், எழுத்து அளவு, நேரம், சொற்கள், வரிசை எல்லாம் ஒன்று. மாறுவது அறிவுறுத்தல் மட்டுமே.

மறைமுகத்துக்குச் சொல் நிரப்புதலும் வெளிப்படைக்கு "பார்த்த சொற்களை எல்லாம் எழுதுங்கள்" என்ற துப்பில்லா நினைவுகூரலும் வைப்பது சுலபமாகத்தான் தெரியும். அதில் இரண்டு விஷயங்கள் ஒருசேர மாறிவிடுகின்றன: நினைவை வேண்டுமென்றே தேடுகிறாரா என்பதும், துப்பு இருக்கிறதா என்பதும். வித்தியாசம் வந்தால் எதனால் வந்தது என்று சொல்ல முடியாது. ஷாக்டர், பவர்ஸ், புக்கர் மூவரும் 1989-இல் வற்புறுத்தியதும் இதையே: துப்பு அப்படியே இருக்க, நோக்கம் மட்டும் மாற வேண்டும்.

ஒரே ஆளுக்கு இரண்டு தேர்வும் கொடுக்காதீர்கள். வெளிப்படைத் தேர்வு எழுதியவர் அடுத்த தாளில் பார்த்த சொற்களைத் தேடத்தான் செய்வார். வரிசையை மாற்றிப்போட்டாலும், முதல் தேர்வில் அவர் எழுதிய சொற்கள் இரண்டாவதில் கலக்கும். தேர்வுக்கு 36 என்று ஆட்களைப் பிரிப்பது அதனால்தான்.

3. சொற்பட்டியல்

அதிக நேரம் பிடிக்கிற வேலை இது. இங்கே தவறினால் பின்னால் எந்தப் புள்ளியியலும் கைகொடுக்காது.

ஒவ்வொரு தொடக்கத்துக்கும் குறைந்தது ஐந்து பழக்கமான பெயர்ச்சொற்கள் இருக்க வேண்டும். பட் என்று தொடங்கினால் பட்டம், பட்டு, பட்டாசு, பட்டை, பட்டாணி, பட்டறை என்று வரிசையாக வரும். இவற்றில் எல்லோருக்கும் முதலில் தோன்றுவது எதுவோ அதை இலக்காக, அதாவது காட்டிவிட்டுத் தேர்வில் எதிர்பார்க்கும் சொல்லாக, வைக்கக்கூடாது. பட்டம் என்பதைக் காட்டாவிட்டாலும் பலர் எழுதிவிடுவார்கள், காட்டியதால் வந்த கூடுதல் அதில் தெரியாது. யாருக்குமே தோன்றாத சொல்லும் ஆகாது. பட்டாணி, பட்டறை போன்ற நடுத்தரச் சொற்களைத் தேடுங்கள்.

இன்னும் சில: கம் என்பதற்குக் கம்பளி, வெண் என்பதற்கு வெண்கலம், மண் என்பதற்கு மண்டபம். சுண் என்பதற்குச் சுண்டல் என்று வைத்துவிடாதீர்கள். அதைத்தான் எல்லோரும் எழுதுவார்கள். சுண்ணாம்பு பரவாயில்லை.

எழுபது தொடக்கங்களோடு ஆரம்பித்து, காட்டும் கட்டமே இல்லாமல், முன்சோதனை ஆட்களிடம் தாளை மட்டும் கொடுத்து நிரப்பச் சொல்லுங்கள். இலக்குச் சொல்லை 5 முதல் 30 சதவீதம் பேர் தாமாகவே எழுதினால் அந்தத் தொடக்கத்தை வைத்துக்கொள்ளலாம். அதற்கு வெளியே போனால் இலக்கை மாற்றுங்கள், அல்லது தொடக்கத்தையே நீக்குங்கள். கடைசியில் 48 நிற்க வேண்டும்.

தமிழுக்கே உரிய சிக்கல்கள் சில உண்டு.

ஒரு தொடக்கம் ஒரே முறைதான் வரலாம். கம்பளி இலக்காக இருந்தால் கம்மல் வேறெங்கும் வரக்கூடாது, அறிவுறுத்தலில்கூட.

வினைச்சொல் உள்ளே நுழையும். பட்______ என்று பார்த்து "பட்டது" என்று எழுதுபவர்கள் உண்டு. "ஏதாவது ஒன்றின் பெயராக இருக்கட்டும், ஒரே சொல்லாக, வேற்றுமை உருபு சேர்க்காமல்" என்று தாளின் தலையிலேயே எழுதிவிடுங்கள்.

இரண்டு விதமாக எழுதப்படும் சொற்களைத் தவிர்ப்பது நல்லது. கத்தரிக்காய், கத்திரிக்காய் இரண்டும் வழக்கில் இருக்கின்றன. யாராவது வெறும் "கத்திரி" என்று எழுதி நிறுத்தினால் காயா, கத்தரிக்கோலா என்று திருத்துபவர் விழிக்க வேண்டியதுதான்.

எழுத்து எண்ணிக்கையை எக்செல்லின் லென் சூத்திரத்தில் எண்ணாதீர்கள். பட்டாணி என்பதில் எழுத்து நான்கு, எக்செல் ஏழு என்று காட்டும். துணைக்காலையும் புள்ளியையும் அது தனித்தனியாக எண்ணுகிறது. கையால் எண்ணுவதே நிச்சயம்.

கோட்டின் நீளம் எல்லாத் தொடக்கங்களுக்கும் ஒன்றாக இருக்கட்டும். நீளம் மாறினால் அதுவே துப்பாகிவிடும்.

4. மூன்று தொகுதி, மூன்று வடிவம்

48 சொற்களை அ, ஆ, இ என்று பதினாறு பதினாறாகப் பிரியுங்கள். முன்சோதனையில் வந்த சராசரி மூன்றிலும் ஏறத்தாழ ஒன்றாக இருக்க வேண்டும். அப்புறம் சுழற்சி:

முதல் வடிவம்: அ ஆழமாக, ஆ மேலோட்டமாக, இ காட்டப்படாது.
இரண்டாம் வடிவம்: ஆ ஆழமாக, இ மேலோட்டமாக, அ காட்டப்படாது.
மூன்றாம் வடிவம்: இ ஆழமாக, அ மேலோட்டமாக, ஆ காட்டப்படாது.

ஒவ்வொரு சொல்லும் மூன்று நிலையிலும் இருந்துவிடும். "ஆழமான தொகுதியில் சுலபமான சொற்கள் விழுந்துவிட்டன" என்ற சந்தேகம் அதோடு தீர்ந்தது. தேர்வுக்கு 36 பேர் என்றால் வடிவத்துக்குப் பன்னிரண்டு பேர்.

காட்டப்படாத தொகுதியை "வீண்தானே" என்று வெட்டிவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். அது இல்லாமல் மறைமுக நினைவைக் கணக்கிடவே முடியாது. ஊகத்தில் வந்தது எவ்வளவு என்பதை அந்தப் பதினாறு சொற்கள்தான் சொல்லும்.

5. காட்டும் கட்டம்

ஆழமான வேலை: இந்தச் சொல் குறிப்பது உங்களுக்குப் பிடிக்குமா? பிடிக்காது 1, பரவாயில்லை 2, பிடிக்கும் 3.

மேலோட்டமான வேலை: இந்தச் சொல்லில் புள்ளி வைத்த எழுத்து எத்தனை? 1, 2 அல்லது 3. பட்டாணிக்கு ஒன்று, வெண்கலத்துக்கு இரண்டு, மண்ணெண்ணெய்க்கு மூன்று.

ஆங்கிலப் பாடநூல்களில் வரும் "பெரிய எழுத்தா, சிறிய எழுத்தா" என்ற கேள்விக்குத் தமிழில் இடமில்லை. அதற்குப் பதிலாகப் புள்ளி எண்ணுவது நன்றாக வேலை செய்கிறது. ஆனால் "புள்ளி உண்டா, இல்லையா" என்று கேட்காதீர்கள். மேலே எடுத்த தொடக்கங்கள் எல்லாம் மெய்யில் முடிகின்றன, எனவே எல்லாச் சொல்லுக்கும் பதில் "உண்டு" என்றாகிவிடும். நான்காவது சொல்லிலேயே ஆள் திரையைப் பார்ப்பதை நிறுத்திவிடுவார். எண்ணச் சொன்னால் இரண்டு வேலையிலும் 1, 2, 3 என்ற அதே விசைகள் என்ற வசதியும் கிடைக்கிறது.

இங்கே ஒரு நுட்பமான பொறி இருக்கிறது. புள்ளி எண்ணுகிறவர் சொல்லைப் படிக்காமலே எண்ணிவிட முடியும். சொல்லாகப் படிக்காதது பின்னால் முதலில் தோன்றும் சொல்லாக வரவும் வாய்ப்புக் குறைவு. அப்போது மறைமுகத் தேர்விலும் ஆழத்துக்கு விளைவு இருப்பதாக ஒரு தோற்றம் கிடைக்கும். உண்மையில் நடந்தது, ஒரு பக்கம் படித்தார்கள், மறுபக்கம் படிக்கவில்லை என்பதுதான். அதனால் இரண்டு நிலையிலும் சொல்லை ஒருமுறை வாய்விட்டுப் படித்த பிறகே விசையைத் தட்டச் சொல்லுங்கள். இதற்காகவே ஒவ்வொருவரையும் தனியாக உட்காரவைக்க வேண்டியிருக்கிறது. நேரம் போகும்தான், வேறு வழியில்லை.

இரண்டு வேலைகளையும் கலந்து கொடுங்கள். ஒவ்வொரு சொல்லுக்கும் முன்னால் ஒரு விநாடி "புள்ளி?" அல்லது "பிடிக்குமா?" என்று காட்டி, பிறகு சொல்லை ஐந்து விநாடி காட்டலாம். பதினாறையும் ஒரே கட்டாகக் கொடுத்தால் மறைமுகத் தேர்விலும் ஆழத்தின் விளைவு எட்டிப்பார்க்கிறது என்று சாலிஸும் பிராட்பெக்கும் 1992-இல் காட்டியிருக்கிறார்கள். ஒரே கட்டாகப் புள்ளி எண்ணுகிறவர் படிப்பதைக் கைவிட்டுவிடுவது அதற்கு ஒரு காரணமாக இருக்கலாம்.

தொடக்கத்தில் மூன்று, முடிவில் மூன்று என்று கணக்கில் சேராத சொற்களை வையுங்கள். பட்டியலின் முதலும் கடைசியும் எப்படியும் நன்றாக நினைவில் நிற்கும் என்பதால் அந்த இடங்களில் இலக்குச் சொற்கள் இருக்கக்கூடாது. ஆக 32-உம் 6-உம் சேர்ந்து 38 சொற்கள், நான்கு நிமிடத்துக்குள் முடிந்துவிடும்.

திரையில் காட்டுவதற்குச் சொற்களைப் படக்கோப்பாக மாற்றிக்கொள்வது பாதுகாப்பு. சில மென்பொருள்களில் கொம்பும் காலும் எழுத்தைவிட்டு விலகி நிற்கும்.

6. இடைவெளி

ஐந்து நிமிடம் போதும். தமிழ்நாட்டு மாவட்டங்களின் பெயர்களை எத்தனை முடியுமோ அத்தனை எழுதச் சொல்லலாம். மொத்தம் 38 இருப்பதால் யாரும் ஐந்து நிமிடத்துக்குள் தீர்த்துவிட்டுச் சும்மா உட்கார மாட்டார்கள். இன்னொரு லாபமும் உண்டு: பெயர்களை யோசித்து எழுதும் வேலைக்குப் பிறகு வரும் நிரப்புதல் தாளும் அதே மாதிரி ஒரு சின்ன வேலையாகத் தோன்றும். முன்னால் பார்த்த பட்டியலோடு அதை முடிச்சுப்போட மாட்டார்கள்.

சும்மா பேச்சுக் கொடுத்து நேரத்தைக் கடத்தாதீர்கள். "இப்ப பார்த்ததெல்லாம் கேப்பீங்களா?" என்ற கேள்வி நிச்சயம் வரும், அதற்கு உங்கள் முகமே பதில் சொல்லிவிடும்.

7. தேர்வுக் கட்டம்

48 தொடக்கங்களோடு இலக்கில்லாத 24-ஐச் சேர்த்து 72 ஆக்குங்கள். முதல் எட்டும் இலக்கில்லாதவையாகவே இருக்கட்டும். முதல் வரியிலேயே பார்த்த சொல் ஒன்று வந்து விழுந்தால் ஆள் விழித்துக்கொள்வார். ஒவ்வொன்றுக்கும் ஏழு விநாடி கொடுத்தால் எட்டரை நிமிடத்தில் முடியும். இரண்டு தேர்வுக்கும் இந்த நேரம் ஒன்றுதான்.

அறிவுறுத்தலை எழுதிவைத்து, ஒவ்வொரு முறையும் அப்படியே படியுங்கள்.

மறைமுகத் தேர்வு: "ஒவ்வொரு வரியிலும் சொல்லின் தொடக்கம் இருக்கிறது. மனதில் முதலில் வரும் பெயரால் நிரப்புங்கள். சரி, தவறு என்று எதுவும் இல்லை."

வெளிப்படைத் தேர்வு: "சில வரிகள் நீங்கள் சற்றுமுன் படித்த சொற்களின் தொடக்கம். அந்தச் சொற்களை நினைவுபடுத்தி எழுதுங்கள். நினைவுக்கு வராவிட்டால் ஊகிக்காமல் விட்டுவிடுங்கள்."

ஊகிக்க வேண்டாம் என்று சொல்லாமல் விட்டால், வெளிப்படைத் தேர்வு எழுதுகிறவர்களும் முதலில் தோன்றுவதையே நிரப்பிவிடுவார்கள். இரண்டு தேர்வும் ஒன்றாகிப்போகும்.

மறைமுகத் தேர்வில் உதவி செய்யும் நல்லெண்ணத்தில் "நல்லா யோசிச்சு எழுதுங்க" என்று வாயை விடாதீர்கள். யோசிக்கச் சொன்னால் தேடுவார்கள், தேடினால் அது வெளிப்படை நினைவு.

8. கண்டுகொண்டார்களா என்று கேட்பது

மறைமுகத் தேர்வு முடிந்த கையோடு, தாளை வாங்கிக்கொண்டு, பொதுவிலிருந்து குறிப்புக்குப் போகும்படி கேளுங்கள். "இந்த நிரப்புதல் எதற்கு என்று நினைத்தீர்கள்?" "எழுதியவற்றில் ஏதாவது முன்னால் வந்த மாதிரி இருந்ததா?" "அப்படித் தோன்றிய பிறகு, பார்த்த சொற்களை வேண்டுமென்றே தேடினீர்களா?" கடைசிக் கேள்வியை முதலில் கேட்டுவிட்டால் எல்லோரும் "ஆமாம்" என்பார்கள்.

கவனித்தவரும் தேடியவரும் ஒன்றல்ல. "நடுவுல தெரிஞ்சுது, ஆனா வந்ததைத்தான் எழுதினேன்" என்பவரை நீக்க வேண்டியதில்லை. தேடியதாகச் சொன்னவர்களைச் சேர்த்து ஒருமுறையும், விலக்கி ஒருமுறையும் கணக்கிட்டு, இரண்டையும் அறிக்கையில் கொடுங்கள். இந்த விதியைத் தரவைப் பார்ப்பதற்கு முன்பே எழுதிவைத்துவிட வேண்டும்.

பிறகு உண்மையை விளக்குங்கள். விடுதி அறையில் பேசிக்கொள்ள வேண்டாம் என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். ஒரே விடுதியிலிருந்து ஆள் எடுப்பதாக இருந்தால் ஓரிரு நாளில் எல்லோரையும் முடித்துவிடுவதே மேல்.

9. மதிப்பெண்

இலக்குச் சொல்லை எழுதியிருந்தால் 1, வேறு எதுவானாலும் 0. எழுத்துப்பிழை இருந்தாலும் சொல் சந்தேகமில்லாமல் தெரிந்தால் 1. எந்தச் சொல் எந்த நிலையில் இருந்தது என்று தெரியாத ஒருவர் திருத்தட்டும்.

கணக்கைப் புரிந்துகொள்ள ஒரு கற்பனை உதாரணம். மறைமுகத் தேர்வு எழுதிய ஒருவர் பதினாறுக்கு ஆழமானதில் 6, மேலோட்டமானதில் 5, காட்டப்படாததில் 2 எழுதியிருக்கிறார். கடைசி எண்ணைக் கழித்தால் 4, 3. சதவீதத்தில் 25, 19. இந்தக் கூடுதலுக்குத்தான் பிரைமிங் என்று பெயர். வெளிப்படைத் தேர்வு எழுதிய இன்னொருவர் 9, 4, 1. கழித்தால் 8, 3, அதாவது 50, 19. எதிர்பார்க்கும் வடிவம் கிட்டத்தட்ட இப்படித்தான் இருக்கும்.

10. பகுப்பாய்வு, இந்த வரிசையில்

முதலில், மறைமுகத் தேர்வில் மேலோட்டமான சொற்களுக்குப் பிரைமிங் இருக்கிறதா என்று பாருங்கள். அது பூஜ்யத்தை ஒட்டி இருந்தால் மேலே போகாதீர்கள். சொற்களைப் படிக்கவில்லை, அல்லது இலக்குகள் சரியில்லை என்று அர்த்தம்.

இரண்டாவது, வெளிப்படைத் தேர்வில் ஆழத்தின் விளைவு தெளிவாக வந்திருக்கிறதா? இங்கேயே வரவில்லை என்றால் ஆழமான வேலை ஆழமாக நடக்கவில்லை. எல்லோரும் 2, 2, 2 என்று தட்டியிருக்கலாம், பதில்களைத் திறந்து பாருங்கள்.

இந்த இரண்டும் சரியாக இருந்தால்தான் மூன்றாவது: ஆழம், தேர்வு வகை இரண்டையும் காரணிகளாக வைத்துக் கலப்பு அனோவா, அதாவது ஒரே ஆளுக்குள் மாறுவதையும் ஆளுக்கு ஆள் மாறுவதையும் சேர்த்துச் சராசரிகளை ஒப்பிடும் சோதனை. ஜாஸ்ப், ஜாமோவி இரண்டும் இலவசப் புள்ளியியல் மென்பொருள்கள், இரண்டிலும் செய்யலாம். உங்கள் முடிவு நிற்பது இரண்டு காரணிகளின் ஊடாட்டத்தில், அதாவது ஆழத்தின் விளைவு தேர்வுக்குத் தேர்வு மாறுகிறதா என்பதில்.

"வெளிப்படையில் பி மதிப்பு 0.05-க்குக் கீழே, மறைமுகத்தில் மேலே, எனவே இரண்டும் வேறு" என்று எழுதும் அறிக்கைகளைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். பி மதிப்பு என்பது, விளைவே இல்லாவிட்டாலும் இவ்வளவு வித்தியாசம் தற்செயலாக வரும் வாய்ப்பு. அந்த வாக்கியம் தர்க்கமாகாது. ஒன்று 0.04, மற்றது 0.07 என்றாலும் அந்த வாக்கியத்தை எழுதிவிடலாம், ஆனால் இரண்டுக்கும் இடையே சொல்லும்படியான வித்தியாசம் இருக்காது. ஊடாட்டத்தைச் சோதித்துவிட்டு எழுதுங்கள். மறைமுகத்தில் விளைவே இல்லை என்று சொல்ல விரும்பினால் ஜாஸ்பில் பேய்ஸ் காரணியையும் (விளைவு உண்டு, இல்லை என்ற இரண்டில் தரவு எதை எவ்வளவு ஆதரிக்கிறது என்று சொல்லும் எண்) எடுத்துக் கொடுங்கள்.

11. எதை எழுதலாம், எதை எழுதக்கூடாது

"ஆழம் மறைமுக நினைவைப் பாதிப்பதில்லை" என்று பொத்தாம்பொதுவாக எழுதாதீர்கள். நீங்கள் சோதித்தது வடிவத்தைத் துப்பாகத் தரும் ஒரு தேர்வை. வகைப் பெயரைச் சொல்லி, "காய்கறி என்றதும் தோன்றுபவற்றை எழுதுங்கள்" என்று பொருள்வழியாகக் கேட்கும் மறைமுகத் தேர்வுகளும் உண்டு. அவற்றில் ஆழத்தின் விளைவு வெளிப்படுவதை ஹாமன் 1990-இல் காட்டினார்.

மறுபக்கமும் அப்படித்தான். மாரிஸ், பிரான்ஸ்ஃபோர்ட், ஃபிராங்க்ஸ் 1977-இல் செய்த சோதனையில், ஓசையைக் கவனித்தவர்கள் ஓசை சார்ந்த தேர்வில் பொருளைக் கவனித்தவர்களை முந்தினார்கள். அதுவும் வெளிப்படைத் தேர்வுதான். கற்றபோது மனம் செய்த வேலையும் தேர்வு கேட்கும் வேலையும் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்பது இரண்டு வகை நினைவுக்கும் பொருந்துகிறது.

மறைமுகத் தேர்வில் ஆழத்துக்குச் சின்னதாக ஒரு விளைவு வந்தால் பதற வேண்டாம். பிரௌனும் மிட்செல்லும் 1994-இல் பழைய ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோதும், சிறிதாக இருந்தாலும் அது பெரும்பாலும் ஒரே திசையில்தான் தெரிந்தது. அப்படி வந்தால் எட்டாம் பிரிவின் பதில்களுக்குத் திரும்புங்கள். தேடியவர்களை விலக்கியதும் விளைவு மறைகிறதா, அப்படியே நிற்கிறதா என்று பார்த்து, எது வந்ததோ அதை அட்டவணையோடு எழுதுங்கள். சொற்பட்டியல் முழுவதையும், ஒவ்வொரு இலக்கின் முன்சோதனைச் சதவீதத்தோடு, பின்னிணைப்பில் சேர்த்துவிடுங்கள். இப்படிச் சோதித்துப் பார்த்த தமிழ்த் தொடக்கங்களை அடுத்து வருபவர் மறுபடி முதலிலிருந்து தேட வேண்டியிருக்காது.